காத்திருந்தவருக்கு உரிய இடம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

எனக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் சுவைபடப் பேசி அமர்ந்தார்கள். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்துவிட்டு இரயில்வேயில் குமாஸ்தாவாகப் புகுந்தவன். அத்தகையவன் இம்மேடையில் நின்று கிரிக்கெட்டைப் பற்றிப் பேசத் துணிந்தால் அந்தப் பழி செயலாளர் அவர்களையே சாரும். 2025 ஜூலை இறுதியில் நம் செயற்குழு கூடியது. நம் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தன. ஓசூர் சாலை நெரிசலில் சிக்கிக்கொண்ட தலைவர் அவர்கள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் மண்டப வாடகையை மறந்து, கருண் நாயர் என்னும் ஆட்டக்காரருக்கு உரிய வாய்ப்பு வழங்கப்பட்டதா, இல்லையா என்று நாங்கள் எழுவர் வாதாடினோம். இறுதியில் செயலாளர், "இதையே விழாவில் பேசிவிடுங்கள், இங்கே வேலை நடக்கட்டும்" என்று ஆணையிட்டார். அதன் பயனை இப்போது தாங்கள் அனுபவிக்கிறீர்கள்.

வழக்கை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். கருண் நாயர் பிறந்தது இராஜஸ்தானத்து ஜோத்பூரில், பெற்றோர் மலையாளிகள், வளர்ந்தது, ஆடப் பழகியது எல்லாம் இப்பெங்களூரில். நம்மைப் போல வெளியிலிருந்து வந்து இங்கு வேர் விட்ட குடும்பம் என்பதால் எனக்கு அவர்மீது ஒரு பற்று உண்டு. ஆனால் அந்தப் பற்று உண்டாவதற்கு முன் அவர் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார் என்பதையும் மறைக்க மாட்டேன். 2015 மார்ச்சில் மும்பை வான்கடே மைதானத்தில் ரஞ்சிக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் கர்நாடகமும் தமிழ்நாடும் மோதின. இருபத்து மூன்று வயதுப் பிள்ளையான நாயர் நம்மவர் பந்துவீச்சில் 328 ஓட்டங்கள் குவித்தார். கர்நாடகம் ஓர் இன்னிங்ஸும் 217 ஓட்டங்களும் முன்னதாக வென்றது. மறுநாள் அலுவலகத்தில் என் கன்னட நண்பர் எல்லோருக்கும் மைசூர்பாகு வழங்கினார். என் மேசைக்கு மட்டும் இரண்டு துண்டு வந்தது.

அடுத்த ஆண்டு, 2016 டிசம்பர். சென்னைக்கு அது துயரமான மாதம். முதலமைச்சராய் இருந்த ஜெயலலிதா அவர்கள் 5ஆம் தேதி மறைந்தார். 12ஆம் தேதி வர்தா புயல் ஊரைச் சூறையாடிச் சென்றது. 16ஆம் தேதி சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் பந்தயம் தொடங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆடுகளத்தைத் தணல் இட்டு உலர்த்தினார்கள். மைத்துனர் வீட்டில் விழுந்த மரத்தை அப்புறப்படுத்த உதவலாமென்று சென்றிருந்த நான், 19ஆம் தேதி திங்கட்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். மரம் மறுநாள் வரை அங்கேயே கிடந்தது.

நாயருக்கு அது மூன்றாவது டெஸ்ட். முதல் டெஸ்டில் 4 ஓட்டங்களில் ரன் அவுட், இரண்டாவதில் 13. அப்போதும் அவர் அணியில் இருந்ததற்குக் காரணம் ரஹானேயின் விரலில் பட்ட அடி. அதாவது, வேறொருவர் நாற்காலியில் தற்காலிகமாக அமர்ந்திருந்தார். அன்று காலை 71 ஓட்டங்களுடன் ஆடவந்தவர், மாலையில் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்களுடன் திரும்பினார். டெஸ்டில் முந்நூறைக் கடந்த இந்தியர் அவருக்கு முன் சேவாக் ஒருவரே. முதல் சதத்தையே முந்நூறாக்கியவர்கள் உலகிலேயே சோபர்ஸ், சிம்சன் என இருவர்தாம் அதுவரை இருந்தனர். மும்பையில் நம்மைச் சாத்தியவராயிற்றே என்று சேப்பாக்கத்தில் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினோம். என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் குடையைத் தூக்கி ஆட்டியதில் என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

அடுத்த டெஸ்ட் 2017 பிப்ரவரியில் ஐதராபாத்தில். ரஹானேயின் விரல் ஆறிவிட்டது. முந்நூறு எடுத்தவர் வெளியே அமர்த்தப்பட்டார். ஒரு பந்தயத்தைக் கொண்டு இன்னொருவரின் ஈராண்டு உழைப்பை மறந்துவிட முடியாது என்பது அணித்தலைவர் கோலி சொன்ன விளக்கத்தின் சாரம். ரஹானேயும் அப்பந்தயத்தில் 82 ஓட்டங்கள் எடுத்தார்.

எங்கள் விவாதத்தில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் பொங்கினார்கள். இது புதிய வழக்கன்று என்று மூத்த அன்பர் ஒருவர் 1974ஆம் ஆண்டுக்கே எங்களை அழைத்துப் போனார். அவ்வாண்டு மேற்கிந்தியத் தீவினருடன் தில்லியில் நடந்த டெஸ்டில், பட்டோடிக்குக் காயமென்று நம் வெங்கட்ராகவன் இந்தியாவுக்கே தலைமை தாங்கினார். அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில், பட்டோடி திரும்பிவந்தார், தலைவராய் இருந்தவருக்குப் பதினொருவரில் ஓர் இடம்கூட இல்லை. பெங்களூர்ப் பிரசன்னாவா, சென்னை வெங்கட்டா என்று இவ்வூர்த் தமிழர் வீடுகளில் தகப்பனும் பிள்ளையும் பேச்சை நிறுத்திய கதைகளை அந்த அன்பர் இன்னும் நெடுநேரம் சொல்லியிருப்பார், தேநீர் வந்துவிட்டது.

அன்பர்களே, ஐதராபாத்தில் நடந்ததை அநீதி என்று சொல்ல என்னால் இயலவில்லை. ஏனெனில் அந்த ரஹானேயின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

2011ஆம் ஆண்டு ஒரு சரக்கு அலுவலகத்தில் பணியாற்றினேன். எந்த ஊர் என்பது வேண்டாம். மஞ்சட்காமாலை கண்டு மூன்று மாதம் படுக்கையில் கிடந்தேன். என் வேலையைத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த, என்னைவிட நான்கு வயது இளைய குமாஸ்தா ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். சரக்கு வண்டிகளைக் குறித்த நேரத்துக்குள் காலி செய்யாத வியாபாரிகளுக்கு டெமரேஜ் கட்டணம் கணக்கிட்டு எழுதும் பதிவேடு அது. இரண்டு மாத பாக்கியோடு நான் விட்டுப்போன பதிவேட்டை, திரும்பிவந்தபோது ஒரு வரி பாக்கியின்றி முடித்து வைத்திருந்தார். எந்நேரமும் சண்டைக்கு வரும் வியாபாரிகளும், அவர் கணக்கை விரித்துக் காட்டிய பிறகு, சண்டையை விட்டுவிட்டார்களாம். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து, நாற்காலியைத் துடைத்து, "உட்காருங்க அண்ணா" என்று சொல்லிவிட்டுக் கடைசியிலிருந்த தபால் மேசைக்குப் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். நோயில் விழுந்தது என் குற்றமன்று, நாற்காலி என்னுடையது, அன்று உட்கார்ந்ததற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

இரயிலில் ஆர்.ஏ.சி. என்று ஒரு முறை இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இருவர் உட்கார்ந்து வருவார்கள். பதிவு செய்தவர் வந்துவிட்டால் படுக்கை அவருக்கே. ஆர்.ஏ.சி.க்காரர் எவ்வளவு நல்லவராயினும் அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் ஒருவர் வராமற்போய்ப் படுக்கை காலியாகிவிட்டால், அது வரிசைப்படி போக வேண்டும். ஈரோட்டில் ஏறியவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, பெங்களூரிலிருந்து உட்கார்ந்து வருகிறவரை உட்கார்ந்தே வரச் செய்தால் பெட்டியே எழுந்து நின்று கேட்கும்.

2018இல் இங்கிலாந்தில் நடந்தது அதுதான் என்பது என் கட்சி. அதற்கு முன் ஆஸ்திரேலியாவுடன் மூன்று டெஸ்டுகளில் நாயர் ஆடினார். 26, 0, 23, 5 என்று எடுத்தார். குறைவுதான். பெங்களூரில் எடுத்த 26, இந்தியா 189க்குச் சுருண்ட அந்த இன்னிங்ஸில் ராகுலின் 90க்கு அடுத்த பெரிய எண்ணிக்கை என்பதை மட்டும் எதிர்க்கட்சியார் நினைவிற்கொள்ள வேண்டும். பின்னர் 2018இல் ஐந்து டெஸ்டுகள் கொண்ட இங்கிலாந்துப் பயணத்துக்கு முதல் நாள்தொட்டே அவர் குழுவில் இருந்தார். ஒரு பந்தயத்திலும் ஆடவில்லை. கடைசி இரண்டு டெஸ்டுகளுக்கென்று ஹனுமா விஹாரி புதிதாக அழைக்கப்பட்டார். செப்டம்பர் 7ஆம் தேதி ஓவலில் ஓர் இடம் காலியானபோது, பயணம் முழுதும் உடனிருந்தவரை விட்டு, பின்னால் வந்தவரை ஆடவைத்தார்கள். அடுத்த தொடருக்கு நாயரின் பெயரே இல்லை. தம்மிடம் எவரும் காரணம் சொல்லவில்லை என்றார் அவர். தாம் பேசியதாகச் சொன்னார் தேர்வுக் குழுத் தலைவர். வரிசையை மாற்ற வேண்டிய காரணம் சில வேளை இருக்கலாம். ஆனால் மாற்றுகிறவர் காத்திருந்தவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியாக வேண்டும்.

என் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 2013இல் எங்கள் அலுவலகத்தில் என் வேலைக்கு ஒப்பான ஓரிடம் உண்மையாகவே காலியாயிற்று. மேலதிகாரி போகிற போக்கில், "இதை யார் பார்க்க முடியும்?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று. ஆனால் அவர் எனக்குப் பக்கத்து மேசையில் அமர்ந்துவிட்டால், என் வேலையின் மந்தம் தினந்தோறும் எல்லோர் கண்ணிலும் படுமே என்ற அச்சம் எழுந்தது. "தாங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லி வைத்தேன். வேறு பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். தர்மபுரிக்காரர் எட்டு ஆண்டுகள் தபால் மேசையில் இருந்தார். 2021இல் அந்த இருக்கை அவருக்குக் கிடைத்தபோது கணக்கையெல்லாம் கணிப்பொறியே போடத் தொடங்கிவிட்டது. அவர் கையில் இருந்த கலைக்கு அங்கு வேலையில்லை.

நாயரும் அப்படியே எட்டு ஆண்டுகள் காத்தார். கர்நாடக அணியிலும் இடம் போயிற்று. 2022 டிசம்பரில், இன்னொரு வாய்ப்புத் தரும்படி கிரிக்கெட்டிடமே வேண்டுவதுபோல் ஒரு வரி எழுதி வெளியிட்டார். பிறகு விதர்பாவுக்குப் பெயர்ந்தார். 2024-25 பருவத்தின் விஜய் ஹசாரே போட்டியில் ஐந்து சதங்களோடு 779 ஓட்டங்கள். இருமுறைதான் அவரை ஆட்டமிழக்கச் செய்ய முடிந்தது. அதே பருவத்தில் விதர்பா ரஞ்சிக் கோப்பையையும் வென்றது. 2025இல், முப்பத்து மூன்று வயதில், மீண்டும் இங்கிலாந்துக்கு அழைத்தார்கள். நான்கு டெஸ்டுகள், எட்டு இன்னிங்ஸ், 205 ஓட்டங்கள்.

நான்காவது டெஸ்டில் அவரை நிறுத்திவிட்டு நம் சென்னைப் பிள்ளை சாய் சுதர்சனை ஆடவைத்தார்கள். அவர் 61 எடுத்தார். அன்றுவரை நாயருக்கு நீதி கேட்டுத் தொண்டை வற்றக் கத்திய நம் செயற்குழு அன்பர்கள் மூவர், அந்த 61க்குப் பிறகு மௌனமானார்கள். பெயர் சொல்ல மாட்டேன். மூவரும் முதல் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். ஐந்தாவது டெஸ்டில் நாயர் மீண்டும் வந்து, இந்தியா 224 எடுத்த முதல் இன்னிங்ஸில் எல்லோரினும் மிகுதியாக 57 எடுத்தார். அப்பந்தயத்தை இந்தியா வென்றது 6 ஓட்டங்களில். ஆயினும் செப்டம்பரில், மேற்கிந்தியத் தீவினருடன் ஆடும் குழுவில் அவரைச் சேர்க்கவில்லை; இன்னும் கூடுதலாக எதிர்பார்த்தோம் என்றார் தேர்வுக் குழுத் தலைவர் அகார்கர்.

இதையும் அநீதி என்பார் என் கன்னட நண்பர். எட்டு இன்னிங்ஸ் கொடுத்துப் பார்த்தார்கள். 2025இல் கொடுத்தது நியாயமான வாய்ப்பே என்பது என் எண்ணம். ஆனால் அது இருபத்தாறு வயதில், ஓவலில், அவர் கைக்கு வந்திருக்க வேண்டிய வாய்ப்பு. இருபத்தாறில் கொடுக்காததை முப்பத்து மூன்றில் கொடுத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று பதிவேட்டை மூடுவதை என்னால் ஒப்ப முடியவில்லை.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இவ்வுரையை எழுதியதும் தர்மபுரி நண்பரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மேலதிகாரி கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவர் அறிந்தது அப்போதுதான். தாள்களை மெதுவாகப் படித்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். பிறகு, "அந்த ஓவல் ஆட்டத்திலே விஹாரி எவ்வளவு எடுத்தார் அண்ணா?" என்று கேட்டார்.

"முதல் இன்னிங்ஸில் 56" என்றேன்.

"அப்ப அவரும் நல்லாத்தான் ஆடியிருக்கார்" என்று சொல்லித் தாள்களை மடித்து என்னிடம் கொடுத்தார்.