பத்து வயதில் வெட்டுப்புள்ளி

(சனசமூக நிலைய முன்றலில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

பெற்றோர்களே, மதிலோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு "ரீச்சர் இண்டைக்கு ஆரைக் கிழிக்கப்போறா" என்று பார்க்க வந்திருக்கும் தம்பிமாரே!

"ஆரம்பக் கல்வியின் இன்றைய நிலை" என்று எனக்கு ஒரு தலைப்புத் தந்திருக்கிறார்கள். அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை இந்த றோட்டால் போன ஊர்வலத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். முன்னால் பாண்ட் வாத்தியம். பின்னால் வாழைமரம் கட்டிச் சோடித்த உழவு இயந்திரப் பெட்டி. பெட்டிக்குள் மூக்குவரை மாலையோடு ஆறு பிள்ளைகள், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள். அதில் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகள் படித்தார்கள், எடுத்தார்கள், நல்லாயிருக்கட்டும். ஆனால் றோட்டின் இரண்டு பக்கமும் வெயிலுக்குள் நின்ற பிள்ளைகள் யார்? அதே வகுப்பு, அதே மண்டபம், அதே வினாத்தாள். வெட்டுப்புள்ளி எடுக்காத முப்பது சொச்சம் பிள்ளைகள். ஆளுக்கொரு கடதாசிக் கொடியைக் கையில் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் சொல்கிறார்: "பலமாகக் கைதட்டுங்கோ பிள்ளையள், அடுத்தமுறை நீங்களும் இப்பிடி வரலாம்!"

அடுத்தமுறையா? ஐயா, இந்தப் பரீட்சைக்கு அடுத்தமுறை என்று ஒன்று கிடையாது. ஒரு பிள்ளை தன் சீவியத்தில் ஒரேயொரு தடவைதான் இதை எழுதலாம். அதுகூடத் தெரியாதவரிடம் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள்! (சிரிப்பு)

சிரிக்காதீர்கள். அந்த வரிசையில் ஒரு புள்ளியால் தவறிய பிள்ளை ஒருத்தி நின்றாள். தாய் இந்தக் கூட்டத்தில் இருக்கிறா, பெயர் சொல்லமாட்டேன். அன்று பின்னேரம் அந்தப் பிள்ளை சீருடையைக்கூட மாற்றாமல் வந்து தாயிடம் கேட்டதாம்: "அம்மா, நான் மொக்கோ?" பத்து வயது. கடைவாய்ப் பல் முளைத்து முடியவில்லை. அதற்குள் அதன் வாயில் இந்தக் கேள்வியைப் போட்டது யார்? கொடியைக் கொடுத்தவனும், கொடியைப் பிடிக்கச் சொன்னவனும், பார்த்துக்கொண்டு நின்ற நாங்களும்தான்!

இந்த வெட்டுப்புள்ளி என்ன, கடவுள் போட்ட கோடா? மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், மொழிக்கு மொழி மாறும், வருசத்துக்கு வருசம் மாறும். இங்கே மொக்கு என்று நிற்கிற பிள்ளை அதே புள்ளியோடு இன்னொரு மாவட்டத்தில் இருந்தால் பெட்டியில் ஏறியிருக்கும். பிறகு அது என்ன விவேகம்? பஸ் ஏறி மாவட்டம் கடந்தால் கூடிக் குறைகிற விவேகம்! 2025 ஆகஸ்ட் 10-ஆம் திகதி நாடு முழுக்க மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதை எழுதினார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியது நூற்றுக்குப் பதினேழு பேர். மிச்சம் எண்பத்துமூன்று பேரையும் கொடி பிடிக்க விட்டால் கொடிக்குத் துணி காணாது.

அடுத்தது பதாகை. இன்றைக்கும் சந்தியில் தொங்குகிறது, போகும்போது பாருங்கள். பிள்ளைகளின் படம் முத்திரை அளவு. வாழ்த்துத் தெரிவிக்கும் பிரதேச சபை உறுப்பினரின் படம் கதவளவு. வழியால் போகிற ஒருவர் என்னிடம் கேட்டார், "இவருக்கு எத்தனை புள்ளி?" (சிரிப்பு) அதற்குப் பக்கத்தில் ரியூட்டறிகளின் பதாகை. நாலு ரியூட்டறி, நாலு பதாகை. உற்றுப் பார்த்தால் நாலிலும் அதே பிள்ளை! "எமது நிலையத்தின் சாதனை." அந்தப் பிள்ளை நாலிடத்திலும் காசு கட்டியதுதான் சாதனை.

பதாகைக்குக் காசு இருக்கிறது. பாண்ட் வாத்தியத்துக்குக் காசு இருக்கிறது. அதே பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவில்லை. நாலாம் வகுப்புக்கு இந்த வருசம் முழுக்க நிரந்தர ஆசிரியர் இல்லை. கேட்டால் "வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதியிருக்கிறோம்". பதாகைக்கு வலயத்துக்கு எழுதினீர்களா? ஒரே இரவில் அடித்துக் கட்டினீர்களே!

இந்தப் பரீட்சை எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவை எல்லாருக்கும் தெரியும். 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தவர். தானே உதவிப்பணத்தில் காலி றிச்மண்ட் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர். நல்ல பள்ளிக்கூடம் எல்லாம் பட்டினத்தில், காசுள்ளவன் கையில் என்று இருந்த காலம் அது. அவர் என்ன செய்தார்? கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளைக் கட்டினார். விடுதி கட்டினார். ஏழைப் பிள்ளையை ஒரு பரீட்சை வைத்துத் தெரிந்து, அங்கே கொண்டுவந்து சாப்பாடு, படுக்கை கொடுத்துப் படிக்க வைத்தார். வரிசையைக் கவனியுங்கள். முதலில் பள்ளிக்கூடம், பிறகு விடுதி, பிறகுதான் பரீட்சை. எங்கள் ஆட்கள் முதல் இரண்டையும் காற்றில் விட்டுவிட்டுப் பரீட்சையை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

ஏழைக்கு உதவி என்கிறார்களே, அதையும் பார்ப்போம். வெட்டுப்புள்ளி தாண்டுகிற ஐம்பதினாயிரத்துச் சொச்சம் பேரில் மாத உதவிப்பணம் கிடைப்பது 20,000 பேருக்கு. அந்தப் பணம் எவ்வளவு காலம் மாதம் 500 ரூபாவாகக் கிடந்தது தெரியுமா? பிறகு 750. 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 1,500 என்றார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து பின்னேரம் ஒரு ரியூசன், சனி ஒரு ரியூசன், ஞாயிறு "விசேட கருத்தரங்கு" என்று தாய் அடைவு வைத்த காப்பை யார் திருப்பிக் கொடுப்பது?

வேடிக்கை இன்னொன்று. பட்டினத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பிலிருந்தே படிக்கிற பிள்ளையும் இதை எழுதுகிறது. ஆறாம் வகுப்புக்கு எங்கே போக? எங்கேயும் இல்லை, பக்கத்துக் கட்டடத்துக்கு! பிறகேன் எழுதுகிறது? பதாகைக்கு.

இந்தப் பரீட்சை வேண்டும் என்பவர்கள் சொல்வது இவ்வளவுதான்: "வாழ்க்கையே போட்டி, பிள்ளை இப்பவே பழகட்டும்." அப்படியென்றால் கலியாணமும் பிரச்சினை நிறைந்ததுதான், அதையும் பத்து வயதிலேயே பழக்குவோமா? (கைதட்டல்)

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு எதற்கெடுத்தாலும் சிங்கப்பூர். "சிங்கப்பூரில கெட்டிக்காரப் பிள்ளையளைத் தனியப் பிரிச்சுப் படிப்பிக்கிறாங்கள், அதுதான் முன்னேறீட்டாங்கள்." சரி, சிங்கப்பூருக்கே போவோம். 1984-இல் அங்கே மீத்திறன் கல்வித் திட்டம் என்று தொடங்கினார்கள். மூன்றாம் வகுப்பில் பரீட்சை வைத்து, ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பிள்ளையைப் பொறுக்கி, ஒன்பது பள்ளிக்கூடங்களில் தனி வகுப்பு. நாற்பது வருசம் நடத்தினார்கள். அங்கேயும் என்ன முளைத்தது? அந்தப் பரீட்சைக்கென்றே ரியூசன்! கடைசியில் 2024 ஆகஸ்டில் பிரதமர் லோரன்ஸ் வோங் மேடையேறி, இந்த வடிவில் இது இனி வேண்டாம், ஒவ்வொரு ஆரம்பப் பள்ளியும் தன் பிள்ளைகளின் திறமையைத் தானே கண்டு வளர்க்கட்டும் என்றார். நியூயோர்க் மாநகரத்தில் இன்னும் மோசம், நாலு வயதுக் குழந்தைக்கு வைத்தார்கள். மூக்கு வடிகிற குழந்தைக்குப் பயிற்சிப் புத்தகம்! அந்தச் சோதனையை 2021-இல் கைவிட்டார்கள். சிங்கப்பூரைப் பார் என்கிற அண்ணன்மாரே, முழுவதும் பாருங்கள். பாதியில் கண்ணை மூடாதீர்கள்.

நான் படிப்பித்த ஒரு பிள்ளையின் கதை சொல்லவேண்டும். கணக்கு இதுதான்: ஒரு வேலையை நாலு பேர் ஆறு நாளில் செய்தால் எட்டுப் பேர் எத்தனை நாளில் செய்வார்கள்? எல்லாரும் மூன்று என்று எழுதிவிட்டார்கள். அவள் மட்டும் பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். என்னடி என்று கேட்டேன். "ரீச்சர், எங்கட வீட்டில எட்டுப் பேர் வந்தா வேலை நடக்காது. அம்மாவுக்குத் தேத்தண்ணி போடத்தான் நேரம் சரியா இருக்கும்." (சிரிப்பு) எவ்வளவு உண்மை! இந்த நாட்டில் எத்தனை திணைக்களத்துக்குப் பொருந்தும்! ஆனால் சரியான விடையின் கீழ்க் கோடிடச் சொல்கிற வினாத்தாளில் அவளுக்கு இடமில்லை. அவள் வெட்டுப்புள்ளி எடுக்கவில்லை. இன்றைக்கு அவள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நடத்துகிறாள், கணக்கில் ஒரு சதம் பிசகாது.

இந்தப் பரீட்சை பள்ளிக்கூடத்தை என்ன செய்கிறது? ஐந்தாம் வகுப்பில் சித்திரம் இல்லை, பாட்டு இல்லை, விளையாட்டு இல்லை. எந்தப் பாடவேளைக்குள் எட்டிப் பார்த்தாலும் கடந்தகால வினாத்தாள். நல்ல ஆசிரியரை ஐந்தாம் வகுப்புக்கு இழுத்துவிடுவார்கள். முதலாம் வகுப்பில் "அ" எழுதப் பழகுகிற குஞ்சுகளுக்கு யார் மிஞ்சினாரோ அவர். பிறகு நன்றாகப் படிக்கிற ஐந்தாறு பிள்ளையும் பட்டினத்துக்குப் போய்விடும். பிள்ளை போனால் தாய் தகப்பனின் அக்கறையும் அங்கே போய்விடும். கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கிற பெற்றோர் ஒருவரும் இங்கே இருக்கமாட்டார்கள். பிள்ளைத் தொகை குறைந்தது என்று ஆசிரியரை மாற்றுவார்கள். ஆசிரியர் இல்லை என்று இன்னும் நாலு பிள்ளை போகும். அதற்குப் பிறகு வலயத்திலிருந்து ஒருவர் கோவையோடு வந்து, இந்தப் பள்ளிக்கூடம் தேவையா என்று கேட்பார். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சாவு இப்படித்தான் வருகிறது, மாலை போட்டுக்கொண்டு, பாண்ட் அடித்துக்கொண்டு!

ஒவ்வொரு வருசமும் இந்தப் பரீட்சைக்குச் சில நாள் முன்னதாகப் பரீட்சைத் திணைக்களம் அறிவிக்கிறது: ரியூசன் நடத்தத் தடை, கருத்தரங்குக்குத் தடை, மாதிரி வினாத்தாள் அச்சிடத் தடை, மீறினால் பொலிசில் முறையிடலாம். பத்து வயதுப் பிள்ளையின் பரீட்சைக்குப் பொலிஸ்! 2024 செப்டம்பரில் வினாத்தாளில் மூன்று கேள்வி முன்கூட்டியே வெளியே வந்தது. திருத்தும் வேலை நின்றது, பெற்றோர் தெருவில் இறங்கினார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், டிசம்பர் 31-ஆம் திகதி அந்த மூன்று கேள்விக்கும் எல்லாருக்கும் புள்ளி கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. கள்ளத்தனம் செய்தது பெரியவர்கள். மூன்று மாதத்துக்கு மேல் தூக்கமில்லாமல் கிடந்தது பிள்ளைகள். இவர்கள்தான் எங்கள் பிள்ளைகளின் விவேகத்தை அளக்கிறார்களாம்!

பரீட்சை மண்டப வாசலையும் பார்த்திருக்கிறேன். பிள்ளை வெளியே வருகிறது, உதடு காய்ந்திருக்கிறது. தகப்பன் தண்ணீர்ப் போத்தலை நீட்டவில்லை. "எத்தினை சரி?" என்கிறார். அந்தத் தகப்பனை நான் திட்டமாட்டேன். அவரைச் சுற்றி நாலு பதாகை தொங்குகிறது.

பரீட்சையை ஒரே நாளில் நிறுத்து என்று நான் கொழும்புக்குக் கட்டளையிட முடியாது. அமைச்சர்கள் வருவார்கள், சீர்திருத்தம் என்பார்கள், போவார்கள். ஆனால் இந்த ஊரில் எங்கள் கையில் உள்ளதைச் செய்யலாம். வாசலில் மேசை போட்டு மூன்று கோரிக்கையோடு மனு வைத்திருக்கிறோம். புள்ளிகளைப் பகிரங்கமாக வாசிப்பதும் ஊர்வலமும் இந்தப் பள்ளிக்கூடத்தில் இனி நடக்கக்கூடாது. ஐந்தாம் வகுப்பின் சித்திர, சங்கீத, விளையாட்டுப் பாடவேளைகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இந்தத் தவணை முடியுமுன் நாலாம் வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் வரவேண்டும்.

பெட்டியில் ஏறிய ஆறு பிள்ளைகளின் பெற்றோரும் இங்கே இருக்கிறீர்கள். முதலில் நீங்கள் எழும்பி வந்து கையெழுத்துப் போடுங்கள். வருகிற புதன்கிழமை காலை மனுவை எடுத்துக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்குப் போகிறோம். வான் பிடித்திருக்கிறோம், இடம் இருக்கிறது. பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.