கரண்ட் பில்லை எப்படிப் பிரிக்கிறது?

நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: மூணு பேர் இருக்கிற வீட்ல ஒரு ரூம்ல மட்டும் ஏசி. பில்லை மூணா வகுக்கலாமா?

வேண்டாம். தமிழ்நாட்டுல 2 மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினா, கீழ் யூனிட்டுக்கும் விலை ஏறும். 2024 கட்டணப்படி 101-லேர்ந்து 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், தாண்டிட்டா அதுவே 4.70. ஏசி அவரோடது, ஆனா உங்க ஃபேனுக்கும் விலை ஏறிடுது! அந்தக் கூடுதலை ஏசிக்காரர் தரணும்ங்கிறது என் கட்சி. சப்-மீட்டர் போட்டுட்டா சண்டையே இல்ல.

இதைவிட நெருடலானது ஒண்ணு இருக்கு. பில் மெசேஜ் ஒருத்தர் போனுக்குத்தான் வருது. அவர் "ஆளுக்கு 900"னு போடுவார், நாம அனுப்பிடுவோம். பில்லைக் கேட்டா சந்தேகப்படுற மாதிரி ஆகிடுமேன்னு வாயை மூடிக்கிறோம். அந்த போன் உங்களோடதா? அப்போ மின் இணைப்பு எண்ணை குரூப்ல போட்டுடுங்க. மின்வாரியத் தளத்துல அவங்களே தொகையைப் பார்த்துக்கட்டும்.