குடியிருப்பும் குழந்தைகளின் பகற்பொழுதும்



புதிதாகக் கட்டியெழுப்பப்பட்ட ஒரு குடியிருப்பில் பள்ளிக்கூடத்துக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் உரிய இடம் யாது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இந்நூல் நிலையத்தின் ஆண்டு விழாவிலே இலக்கியத்தை விட்டு இதைப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். இன்னும் பத்து ஆண்டுகளில் இந்நிலையத்தின் படிகளில் ஏறி வரவேண்டிய வாசகர்கள் இன்று இரண்டு வயதிலும் மூன்று வயதிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பகற்பொழுது எங்கே, யாருடைய பார்வையில் கழிகிறது என்று விசாரிப்பது இச்சபைக்கு அந்நியமான விஷயம் ஆகாது.

இவ்விசாரணையை ரோமாபுரியிலிருந்து தொடங்க எனக்கு அனுமதி தாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரத்துச் சான் லோரென்சோ என்னும் பகுதியிலே, கட்டட வியாபாரம் கொழித்த நாளில் அவசர அவசரமாக எழுந்த பெரிய பெரிய கட்டடங்கள், அவ்வியாபாரம் திடீரென்று நொடித்தபோது அரைகுறையாக நின்றுவிட, வேறு போக்கிடமற்ற ஏழை ஜனங்கள் அவற்றில் புகுந்து, இடத்தை உள்வாடகைக்கும் மறுவாடகைக்கும் பங்கிட்டுக்கொண்டு நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பிறகு ஒரு கட்டட ஸ்தாபனம் அக்கட்டடங்களை விலைக்கு வாங்கி, காற்றும் வெளிச்சமும் புகுமாறு திருத்தியமைத்து, குடும்பத்துக்கொரு வீடாகப் பிரித்துக் கொடுத்தது. வீடுகள் திருந்தின, ஆயினும், பெற்றோர் வேலைக்குச் சென்ற பின், பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் கவனிப்பாரின்றி மாடிப்படிகளில் அலைந்து, புதுச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். ஸ்தாபனத்தின் தலைவர் எடுவார்டோ தாலாமோ என்பவர் அக்குழந்தைகளைக் கோபித்துக்கொள்ளவில்லை. சுவர்களைச் செப்பனிடுவதற்கு ஆகும் பணத்தைக் கொண்டே கட்டடத்துக்குள் ஒரு கூடத்தை ஒதுக்கி, அவர்களை அங்கே வைத்துப் பேணலாம் என்று தீர்மானித்து, அப்பொறுப்பை ஒரு பெண் மருத்துவரிடம் ஒப்படைத்தார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி, ஏறக்குறைய 50 குழந்தைகளோடு அக்கூடம் திறக்கப்பட்டது. அந்த மருத்துவர்தாம் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அங்கே விதிக்கப்பட்ட நிபந்தனைகள் நம் சிந்தனைக்கு உரியவை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும். தாய்மார்கள் குழந்தைகளைச் சுத்தமாக அனுப்புவதோடு, வாரத்துக்கு ஒரு முறையேனும் ஆசிரியையைச் சந்தித்துப் பேச வேண்டும். வீட்டுக்கு வெளியே தூரத்தில் இருக்கும் ஓர் உபகாரமாக அல்லாமல், வீட்டின் ஓர் அங்கமாகவே பள்ளியை அவர்கள் கருதினார்கள். மாண்டிசோரி அம்மையார் 1939-இல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். இன்று அவர் பெயரைப் பலகையில் தாங்கிய பள்ளிகளுக்கு நம் நகரத்தில் குறைவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றின் கட்டணத்தைக் கேட்டால், தொழிலாளர் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பிறந்த முறை இது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

இனி நம் வடசென்னைப் புளியந்தோப்புக்கு வருவோம். பக்கிங்காம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் தோன்றிய காலந்தொட்டு, இந்த வட்டாரத்தின் வாழ்வு ஆலையின் சங்கொலிக்கு இசைந்தே நடந்தது. 1918-இல் பி.பி. வாடியா அவர்கள் தலைமையில், திரு.வி.க. போன்ற பெருமக்களின் துணையோடு, சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும் இவ்வாலைத் தொழிலாளர்களின் குறைகளைச் சார்ந்தே. அந்த நாளில் தொழிலாளியின் குழந்தைக்குப் பள்ளியும் ஆலையும் வெவ்வேறு இடங்களாக இருக்கவில்லை: 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒன்பது வயது நிரம்பிய குழந்தையை நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் வேலை வாங்கலாம், அவ்வாறு உழைத்த பிள்ளைகளுக்காக ஆலை நிர்வாகமே ஒரு பள்ளிக்கூடத்தையும் நடத்தி வந்தது. 1996-இல் இவ்வாலைகள் மூடப்பட்டன. அவை நின்ற மண்ணில் இன்று தனியார் அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. சற்றே அப்பால், கேசவபிள்ளை பூங்காவில், அரசின் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு 1,920 வீடுகளைக் கட்டியிருக்கிறது. ஒரு தலைமுறைக்குள் ஒரு வட்டாரத்தின் முகமே மாறியிருப்பதை நாம் பிரத்தியட்சமாகக் காண்கிறோம்.

கட்டடம் இடிக்கப்படும்போது குடும்பங்கள் படும் சிரமத்தைப் பலரும் பேசுகிறார்கள். குழந்தைகள் படும் சிரமத்தைப் பேசுவோர் சிலரே. புது வீடு எழும் வரையில் ஒரு குடும்பம் வியாசர்பாடிக்கும், மற்றொரு குடும்பம் கொடுங்கையூருக்கும், இன்னொன்று உறவினர் தயவை நாடி வேறு ஊருக்கும் வாடகை தேடிச் சிதறுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து எல்லோரும் திரும்பி வரும்போது, மூன்றாம் வகுப்பில் போன பிள்ளை ஆறாம் வகுப்பில் வந்து நிற்கிறான், அல்லது இடையில் எங்கேயோ படிப்பை நிறுத்தியவனாக வந்து நிற்கிறான். இத்தகைய பெற்றோருக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பை இந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லிவிடுவது என் கடமை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, மாற்றுச் சான்றிதழ் தாமதமாயிற்று என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. படிப்பை இடையில் விட்ட பிள்ளையையும் அவன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, வேண்டிய தனிப் பயிற்சியை அளிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்பது நம் மாநிலத்து விதி. உதவி பெறாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நாலில் ஒரு பங்கு இடம் நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு உரியது என்பதையும் மறவாதீர்கள்.

ஆகவே, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டுப் பெறும் துணிவு மட்டுமே வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே இறங்கினால் நிலைமை வேறு. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 45-ஆம் பிரிவு, பதினான்கு வயது நிரம்பும் வரையில் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்று கீழ் எல்லை வகுக்காமலே சொல்லிற்று. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வரையில் உள்ளவர்களின் கல்வியை அடிப்படை உரிமையாக உயர்த்தியது. அது போற்றுதற்குரிய காரியம். ஆனால் அதே திருத்தம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பையும் கல்வியையும் அரசு முயன்று செய்ய வேண்டியதொரு நெறியாகவே நிறுத்திவிட்டது. நெறிக்காக நீதிமன்றத்தின் படியேற முடியாது.

அந்த இடைவெளியை இன்று நிரப்பிக்கொண்டிருப்பது, நீங்கள் பால்வாடி என்று அழைக்கும் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நம் மாநிலத்தில் 54,439 மையங்கள் இயங்குகின்றன. சத்துமாவு தருவதும், எடை பார்ப்பதும், தடுப்பூசிக்கு நினைவூட்டுவதும், பாட்டும் கதையும் சொல்லித் தருவதுமாக அங்குள்ள சகோதரிகள் ஆற்றும் தொண்டை நான் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். எனினும் ஒரு குறையை மறைக்க இயலாது: பிற்பகலில் மையம் மூடிவிடுகிறது, தாயோ பொழுது சாய்ந்த பிறகே திரும்புகிறாள். கைக்குழந்தையை முழுப் பகலும் வைத்துக்கொள்வதற்கு அங்கே வசதியும் இல்லை. இந்தச் சில மணி நேரத்தை யார் ஈடு செய்கிறார்கள்? பெரும்பாலும் பாட்டி, பாட்டி இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டு அம்மாள், அவரும் இல்லையேல், பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பத்து வயது அக்காள். ஒரு குழந்தையின் காவலுக்காக மற்றொரு குழந்தையின் கல்வி பலியாவதை நாம் வெகு சாதாரணமாக ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று வகுத்திருந்தது. 2017-ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தம், ஐம்பது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணி செய்யும் நிறுவனத்துக்கு அதையே விதித்தது. ஆலையிலே வேலை செய்த அந்நாளைய பெண்ணுக்கு இவை பொருந்தியிருக்கும். இன்று இந்த வட்டாரத்துத் தாய்மார்களில் ஒருவர் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். ஒருவர் கூடையில் மீன் விற்கிறார். ஒருவர் இரவல் தையல் இயந்திரத்தில் உருப்படிக்கு இவ்வளவு என்று தைக்கிறார். இவர்களுக்கு ஐம்பது பேர் கொண்ட முதலாளி எங்கே இருக்கிறார்? வேலை செய்யும் இடம் சிதறிப்போன பிறகு, காப்பகத்தை வேலையிடத்தோடு பிணைப்பதில் பயனில்லை. வீட்டோடு பிணைப்பதே யுக்தம். ஆயிரம் குடும்பங்களை ஒரே வளாகத்தில் குடியேற்றும் வாரியத்துக்கு, அக்குழந்தைகள் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைக்கிறார்கள் என்பதைக் காட்டிலும் பெரிய வசதி வேறென்ன வேண்டும்? அங்கன்வாடியையே முழுநாள் காப்பகமாக விரிவாக்கும் பால்னா என்னும் மத்திய அரசுத் திட்டமும் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே நான் கேட்பது புதுமையன்று.

செலவுக்கு எங்கே போவது என்று ஆக்ஷேபணை எழும். 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்கத் தொடங்கியபோதும் இதே கேள்வி எழுந்திருக்கும். அந்த ஒரு பள்ளியின் ஏற்பாடு, 1956-இல் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து, 2022-இல் காலை உணவுவரை வளர்ந்திருக்கிறது. குழந்தையின் பசி பெற்றோரின் சொந்த விவகாரம் அன்று, சமூகத்தின் பொறுப்பு என்பதை ஒரு நூற்றாண்டுக் காலத்தில் படிப்படியாக ஒப்புக்கொண்ட நாடு இது. பசியைப் பற்றி ஒப்புக்கொண்டதை, குழந்தையின் பொழுதைப் பற்றியும் ஒப்புக்கொள்ளும் காலம் வந்துவிட்டது.

இன்னொரு விஷயம். வாரியக் குடியிருப்புக்கும் தனியார் அடுக்குமாடிக்கும் இடையில் ஒரு மதில்தான் இருக்கிறது. அப்பக்கத்துத் தாய்க்கும் அலுவலகம் உண்டு. அவர் மாதந்தோறும் பெரும் பணம் கொடுத்துக் காப்பகம் தேடுகிறார். அவருடைய வீட்டைத் துடைப்பதற்காகத் தன் குழந்தையை விட்டுவிட்டு வருகிறவர் இப்பக்கத்துத் தாய். இருவருடைய கவலையும் ஒன்றே. 1966-இல் அறிக்கை அளித்த கோத்தாரி குழு, அண்டையில் வாழும் எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்கும் பொதுப் பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. நாம் அதை ஏட்டோடு நிறுத்திவிட்டோம். பிள்ளைகள் பதினைந்து வயதில் ஒன்றுகூடுவது கடினம். மூன்று வயதில் மிக எளிது. மாநகராட்சிப் பள்ளியின் மழலை வகுப்பு நன்றாக நடக்குமானால், மதிலின் இருபுறத்தாரும் அங்கே வருவார்கள் என்று நான் நம்புகிறேன்.

தாய்மார்களே, பெரியோர்களே! உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து அமர்கிறேன். முதலாவது, அடுத்த கட்டடத்துக்கு அஸ்திவாரம் இடப்படுமுன், அதன் கீழ்த்தளத்தில் அங்கன்வாடிக்கும் காப்பகத்துக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நாற்காலிகளைக் காலியாக விடாதீர்கள். மூன்றாவது, இவ்வட்டாரத்து அங்கன்வாடி மாலை ஆறு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை இந்தச் சபையிலேயே இன்று நிறைவேற்றி, வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் உங்கள் அனைவரின் கையெழுத்தோடு அனுப்புங்கள். முதல் கையெழுத்தை இட நான் சித்தமாக இருக்கிறேன்.