ஒன்பதாம் வகுப்பில் கையை விடாதீர்கள்

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, விஜயராகவப் பெருமாள் குடிகொண்ட ஊர், இராமானுசர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்று காஞ்சிபுரம் அருகே உள்ள நம் திருப்புட்குழியைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். தாராளமாகப் பேசலாம். ஆனால் பாடம் கேட்டவரைக் கொண்டாடும் ஊர், தன் பெண் பிள்ளைகளின் பாடம் எந்த வயதில் நிற்கிறது என்றும் கேட்டாக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதில் குழந்தையின் கையைப் பிடிக்கிறது, 14 வயதில் விட்டுவிடுகிறது. தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டம் அவள் கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் 1000 ரூபாய் தருகிறது. இடையில் கிடக்கும் நான்கு வகுப்புகள், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, அவற்றுக்காகத்தான் இந்த மேடை.

இந்த மாநிலம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் சோறு போட்டார். 1956-இல் காமராசர் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கினார், 2022-இல் காலை உணவும் வந்தது. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, மதிய உணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதற்கு மேல் புத்தகம் உண்டு, பஸ் பாஸ் உண்டு, சைக்கிள் உண்டு, சில பிரிவினருக்குச் சிறு உதவித்தொகைகளும் உண்டு. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் பதினைந்து வயதுப் பெண் வீட்டில் இருந்தால் கிடைக்கும் கூலிக்கு இவற்றில் எது ஈடாகும்?

அந்தக் கூலி எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோர்வைச் சேலைக்கு ஒரு கை போதாது. நெசவாளி உடலையும் ஒரு கரையையும் நெய்தால், மறுபக்கக் கரைக்கு நாடா எறிய இன்னொருவர் குழித்தறியில் பக்கத்தில் உட்கார வேண்டும். தார் சுற்றவும் ஆள் வேண்டும். வெளியாளுக்குக் கூலி கொடுத்தால் சேலையில் மிஞ்சுவது கொஞ்சம், அதனால் வீட்டுப் பிள்ளை உட்காருகிறாள். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அவளை எழுந்திருக்க விடுவதில்லை. காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் கடனுக்குக் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி 2003-இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் அறிக்கை வெளியிட்டு உலகுக்குச் சொன்னது. அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். வீடே தறிக்கூடமாக இருக்கும் ஊரில் அந்தக் கதவுக்குக் காவல் யார்? சட்டம் மட்டும் போதும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பணம் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள், இலவசம் சோம்பேறியாக்கும் என்கிறார்கள். புதுமைப் பெண் பணம் மாணவியின் சொந்த வங்கிக் கணக்கில்தானே விழுகிறது? அதே கணக்கை நான்கு ஆண்டு முன்னதாகத் திறக்கச் சொல்கிறோம். வங்கதேசம் நம்மைவிட ஏழை நாடாக இருந்தபோதே, 1994-இல் கிராமத்துப் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளியில் உதவித்தொகை தொடங்கியது. 75 விழுக்காடு வருகை வேண்டும், தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. சில ஆண்டுகளில் அங்கே உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் பெண்கள் ஆண்களை எட்டிப் பிடித்தார்கள். பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்தது என்று கண்டார்கள். தூரம் தடையாக இருந்த இடத்தில் சைக்கிள் வேலை செய்தது. இங்கே தடை கூலி, எனவே இங்கே பணம்தான் வேலை செய்யும். நாமே கற்ற பாடமும் உண்டு. 1989-இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் படித்த பெண்ணின் திருமணத்துக்குத் தொகை தந்தது. 2022-இல் அதே பெயரில், அதே பணத்தைக் கல்லூரிப் படிப்புக்குத் திருப்பினார்கள். கல்யாணத்துக்கு என்றிருந்த பணம் கல்லூரிக்கு வந்ததே, பள்ளிக்கு வருவதற்கு என்ன தடை?

கஜானாவில் இல்லை என்பார்கள். தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கச் சொல்லி கோத்தாரி குழு 1966-இல் எழுதிக் கொடுத்தது. இந்தியா இன்றுவரை அதை எட்டவில்லை. இலங்கையோ விடுதலைக்கும் முன்பே, 1945-இல், அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை இலவசமாக்கியது. முதலில் பணம் குவியட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

பிள்ளைகள் உட்காராவிட்டால் கோர்வை அழிந்துவிடும் என்ற கவலையை நான் மதிக்கிறேன். அது நம் பாட்டன் பூட்டன் கைத்திறன். ஆனால் ஒரு குழந்தையின் பள்ளிக்கூடத்தைத் தின்றுதான் அது வாழும் என்றால், விலையில் ஏதோ கோளாறு. பக்கத்தில் உட்காரும் ஆளுக்கும் கூட்டுறவுச் சங்கம் முழுக் கூலி கொடுக்கட்டும், வயது வந்தவர் அங்கே உட்காரட்டும்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் எல்லோரும் உட்காருங்கள். அரசுப் பள்ளியில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும், வருகையைக் கணக்கிட்டு மாத உதவித்தொகை வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். முதல் கையெழுத்தைத் தாய்மார்கள் போடுங்கள்.