ஒரே வழியில் வரும் இரு நோய்கள்



காமாலை என்னும் சொல்லை அறியாதார் நம்மில் இல்லை. கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துப் பத்தியம் காப்பது நம் இல்லங்களில் வழிவழி வந்த பழக்கம். பள்ளியில் நான் பாடஞ் சொன்ன காலத்தில், “காமாலை எதனால் வருகிறது?” என்று வினவினால், “கெட்ட தண்ணீரால்” என்னும் விடையே வரும். அது சரியே, ஆயினும் பாதி விடைதான்.

கல்லீரலைத் தாக்கி அழற்சியுண்டாக்கும் வைரஸ்களுள் ஏ, இ என்னும் இரண்டும் பெரும்பாலும் நீராலும் உணவாலும் பரவுவன. பி, சி என்பனவோ குருதியின் வழியே பரவுவன. ஒருவருக்கு இட்ட ஊசியை மற்றவருக்கு இடுதல், சோதிக்கப்படாத குருதியை ஏற்றுதல், பாதுகாப்பற்ற உடலுறவு ஆகியவற்றாலும், தாயிடமிருந்து சேய்க்கும் இவை தொற்றலாம். எச்.ஐ.வி. பரவும் வழிகளும் இவையே. ஆகவே ஒருவர் உடலில் இரண்டும் சேர்ந்து குடிபுகுதல் உண்டு.

அவ்வாறு சேர்ந்தால் விளைவது யாது? எச்.ஐ.வி. உடலின் காவலாகிய வெள்ளணுக்களை அழிக்கிறது. காவல் தளர்ந்தபின் ஈரல் வைரஸ் தடையின்றிப் பெருகுகிறது. ஈரல் தழும்பேறிச் சுருங்குவதும், அதில் புற்று தோன்றுவதும் விரைவுபடுகின்றன. ஈரலோ நெடுநாள் வரையில் தன் துன்பத்தை வெளிக்காட்டாத உறுப்பு. ஆதலின் எச்.ஐ.வி. உள்ளவர் ஒவ்வொருவரும் பி, சி இரண்டிற்கும் குருதிச் சோதனை செய்துகொள்ளல் வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமன், நிர்மலா என்னும் பெண் மருத்துவர் இருவரின் முயற்சியால் கண்டறியப்பட்டது. அந்நாளில் தக்க மருந்து இல்லை. இன்றோ நிலை வேறு. எச்.ஐ.வி.க்கு வழங்கப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின் என்னும் மருந்துகள் பி வைரஸையும் அடக்குகின்றன. 1989-இல் இனங்காணப்பட்ட சி வைரஸை, பெரும்பாலோரிடத்தில் 12 வார மாத்திரைகளால் முற்றிலும் நீக்கிவிடலாம், எச்.ஐ.வி. உள்ளவர்க்கும் இது பொருந்தும். சி-க்குத் தடுப்பூசி இல்லை, பி-க்கு உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் அதன் முதல் ஊசியை இடுதல் வேண்டும். 2018-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பி, சி இரண்டிற்கும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சோதனையும் சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன.

ஓர் எச்சரிக்கையும் கூறுவேன். இரு நோயும் உடையவர், உடல் தேறியதென்று எண்ணித் தாமே மாத்திரையை நிறுத்தினால், அடங்கியிருந்த பி வைரஸ் சீறியெழுந்து ஈரலை அழிக்கக்கூடும். உயிருக்கே ஊறு நேரலாம்.

மருந்தை ஏன் நிறுத்துகிறார்கள்? பலர் அயலார் கண்ணுக்கு அஞ்சியே நிறுத்துகிறார்கள். மாத்திரைக் குப்பியை மறைத்து வைக்கிறார்கள். மருத்துவமனை வாயிலில் தெரிந்த முகத்தைக் கண்டால் திரும்பிவிடுகிறார்கள். உடனிருந்து உண்பதாலும், கைகோத்து நடப்பதாலும், ஒரே பெஞ்சில் அமர்வதாலும் எச்.ஐ.வி. ஒட்டாது. நோயுற்றோரைப் பள்ளியிலோ பணியிடத்திலோ ஒதுக்குதல் கூடாதென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. நாம் சிந்தும் ஓர் ஏளனச் சொல் ஒருவரை மருந்தினின்று விலக்கிவிடுமாயின், அவர் ஈரல் கெடுவதில் நமக்கும் பங்குண்டு.

அறிவியலைக் கற்கும் நீங்கள் இதனை உங்கள் வீட்டாருக்கும் தெருவாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். சோதனைக்குச் செல்லத் தயங்கி நிற்பவர் எவரேனும் உளராயின், அவருடன் துணையாகச் செல்லுங்கள்.