கோட்டோரம் நிற்போம்



அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஸ்டேடியம் 1927-ல் திறந்தது. 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். அவங்க ஃபுட்பால் பந்தைக் கையில் தூக்கிக்கிட்டு ஓடுற ஆட்டம். ஆனால் ஆடுறது கல்லூரிப் பசங்கதான். பழைய மாணவர்கள் பேரப்பிள்ளைகளோடு வந்து கத்துவாங்க.

1993-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் நேரு கோப்பை. வண்ணாரப்பேட்டையிலிருந்து பெரியமேடு வரை கும்பலா நடந்தே போனோம். வெளிநாட்டு அணிகளுக்குத் தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினோம். நம்ம கல்லூரி அணி ஆடினப்போ கோட்டோரம் நின்னது பத்துப் பேர். அதில் பாதி மாற்று ஆட்டக்காரர்கள்!

ஸ்டேடியம் கட்டக் கோடிக்கணக்கில் பணம் வேணும். கோட்டோரம் நிற்க ரெண்டு கால் போதும். தம்பிகளா, அடுத்த மேட்ச் தேதியைச் சங்கத்துக்குச் சொல்லுங்க. நாங்க வர்றோம்.