கூழாங்கல் பாதையும் ஒரு நைலான் இழையும்

(உலக நீரிழிவு தினத்தன்று நம் சமூகக் கூடத்தில் பேசியது)

இன்று நேரு பிறந்த நாள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பான்டிங் பிறந்ததும் இதே நவம்பர் 14-தான். டாக்டர்கள் குடியிருக்கிற இடத்தில், 34 வருஷம் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்த பி.காம். ஆசாமி இதைப் பற்றி என்ன பேசுவது? என் கடைசித் தங்கையின் மகள் பார்த்துவிட்டு வந்து சொன்னதைத்தான் சொல்லப் போகிறேன்.

பிசியோதெரபி மூன்றாம் வருஷம், எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் சென்னையில் நடந்த ஒரு நீரிழிவு மாநாட்டுக்குக் கல்லூரியிலிருந்து தன்னார்வலராகப் போனாள். முதல் நாள், வருகிற டாக்டர்களுக்கு அடையாள அட்டையும் பையும் கொடுக்கிற வேலை. மதியச் சாப்பாட்டில் குலாப் ஜாமூன் இருந்ததாம். "சர்க்கரை டாக்டருங்களே வரிசையில நின்னாங்க மாமா" என்று சிரித்தாள். (இதைச் சாக்காக வைத்து வீட்டில் யாரும் சலுகை கேட்க வேண்டாம்.)

இரண்டாம் நாள் பொதுமக்களுக்குப் பாதப் பரிசோதனை. ஒரு கைப்பிடியில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. அதைப் பாதத்தில் நேராக வைத்து, வளைகிற வரை அழுத்துவார்கள். வளையும்போது அழுத்தம் 10 கிராம். கண்ணை மூடியிருப்பவர், தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். அந்த 10 கிராம் தெரியவில்லை என்றால், முள் குத்தினாலும் சுட்டாலும் கால் நமக்குச் சொல்லாமல் போகலாம். சர்க்கரை நாள்பட்டால் நீளமான நரம்புகள் முதலில் அடி வாங்கும். அவை போய் முடிகிற இடம் கால் விரல் நுனி.

சோதிப்பது டாக்டர். செருப்பைக் கழற்றச் சொல்லி, காலைத் துடைத்து, விவரம் எழுதிக்கொள்வது இவள். பெரியவர்கள் எல்லாம் காலை இழுத்துக்கொண்டார்களாம். "படிக்கிற பிள்ளை, என் காலைத் தொடாதம்மா!"

ஒருவர் நன்றாக நடந்துதான் வந்தார். செருப்பைக் கழற்றினால் உள்ளே ரத்தக் கறை. அடியில் ஏறிய ஒரு சின்ன ஆணி மேலே எட்டிப் பார்க்கிறது. எத்தனை நாளாக என்று அவருக்கே தெரியவில்லை. "வலிக்கலையேம்மா" என்றாராம். அன்று ராத்திரி இவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு இழையோடு வந்து, "மாமா, காலை நீட்டுங்க" என்றாள். எனக்குச் சர்க்கரை 16 வருஷமாக. இரண்டு வருஷமாக மூன்று மாதச் சராசரி 7-க்குள் இருக்கிறது என்ற தெனாவட்டு. அதற்கு முந்தைய 14 வருஷம் எப்படி இருந்தது என்று பழைய பாஸ்புக்கைப் புரட்ட வசதியாக மறந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு "தெரியுது, தெரியுது" என்றேன். முடித்ததும், "பத்து இடம் தொட்டேன் மாமா. நீங்க சொன்னது ஏழு" என்றாள்.

மூன்று குறைகிறது. கேஷில் மூன்று ரூபாய் குறைந்தாலே வீட்டுக்குப் போகாமல் தேடியவன் நான். அடுத்த வாரம் டாக்டரும் சோதித்து அதையே சொன்னார். இந்த 16 வருஷத்தில் எந்த டாக்டரும் என் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை, நானாகவும் காட்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பூங்காவில் உள்ள கூழாங்கல் நடைபாதைக்குப் பொருளாளராக பில் பாஸ் செய்தவன் நான். தினமும் காலையில் வெறுங்காலோடு அதில் 20 சுற்று. முதலில் குத்திய கல் பிறகு குத்தவில்லை. பழகிவிட்டது என்று பெருமைப்பட்டேன். இப்போதுதான் தெரிகிறது, பழகவில்லை, மரத்துப் போயிருக்கிறது. உங்களில் நாலைந்து பேரைக் கையைப் பிடித்து அங்கே அழைத்துப் போனவனும் நானே. அவர்களில் மூன்று பேருக்குச் சர்க்கரை.

அந்த மூவரும், சர்க்கரை உள்ள மற்றவர்களும், பாதத்தைச் சோதிக்காமல் அந்தப் பாதையில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். வெயில் நேரத்து மொட்டை மாடியும் அப்படித்தான். அங்கே ஒரு பலகை வைக்கச் சொல்லிக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள்; குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள். செருப்பை மாட்டுமுன் உதறுங்கள்.

இனி ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு, பி பிளாக் டாக்டர் அம்மாவும் என் மருமகளும் இதே கூடத்தில் இழையோடு இருப்பார்கள். காலை இழுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு அது பழகிவிட்டது.